அறை வாங்குவதும் வேலையில் சேர்த்தியா?



உங்கள் வீட்டில் பாதுகாவலர் வேலைக்குப் போகிறவர் யாராவது இருக்கிறாரா? மருத்துவமனையில் துப்புரவு வேலை, சூப்பர்மார்க்கெட்டில் கல்லா, லாரியில் உதவியாள், பாலாக்கோங் பக்கம் தொழிற்சாலை வேலை? இருந்தால் இன்றிரவு அவர் சாப்பிட்டு முடித்ததும் ஒன்று கேளுங்கள்: வேலையிடத்தில் யாராவது உங்கள்மேல் கை வைத்திருக்கிறார்களா? "அதெல்லாம் இல்லை" என்றுதான் முதலில் பதில் வரும். பதினெட்டு ஆண்டுகளாக நம் மக்களோடு போலீஸ் நிலையத்துக்கும் தொழிலாளர் இலாகாவுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். அந்த முதல் பதிலை நான் நம்புவதில்லை.

ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து ஒரு தம்பதியர் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். வந்தார்கள் என்பதைவிட, மனைவி கணவரை இழுத்துக்கொண்டு வந்தார் என்பதே சரி. கணவருக்கு 58 வயது. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் இரவு நேரப் பாதுகாவலர். நம் பேச்சில் சொன்னால் ஜாகா. 12 மணி நேர ஷிஃப்ட். ஒரு நாள் இரவு 11 மணிக்கு மேல் ஒரு கார் வந்து நின்றது. நுழைவு அட்டை இல்லை. வருகையாளர் புத்தகத்தில் எழுதச் சொன்னார். எழுதாத வண்டியை உள்ளே விடாதே என்பது குடியிருப்பு நிர்வாகமே அவருக்குக் கொடுத்த உத்தரவு. காரிலிருந்து இறங்கியவன் முதலில் வாயால் அடித்தான். எந்த வார்த்தையால் என்று உங்களுக்குத் தெரியும். பிறகு கையால் அடித்தான். இடது கன்னத்தில் ஒரே அறை. கண்ணாடி கீழே விழுந்து உடைந்தது. காதில் 'ஙொய்' என்று ஆரம்பித்த சத்தம் என் முன்னால் உட்கார்ந்திருந்த அன்றும் நிற்கவில்லை என்றார். அறை விழுந்து ஏழு வாரமாகியிருந்தது.

மறுநாள் காலை சூப்பர்வைசர் வந்தார். "கஸ்டமர்லா, விட்டுடு" என்றார். தெரு முனைக் கிளினிக்கில் எம்.சி. எடுத்தார், அந்தச் சீட்டில் 'கன்னத்தில் வீக்கம்' என்று மட்டும் இருந்தது. போலீசில் புகார் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து, மாஜிஸ்திரேட்டிடம் போய்ப் பார்த்துக்கொள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் எடுத்த 10 நாள் மருத்துவ விடுப்பைக் கம்பெனி ஆண்டு விடுமுறையில் கழித்தது. அடுத்த மாதம் அவரை ரவாங்குக்கு மாற்றியது. அடித்தவன் இன்றும் அதே வாசலில், அதே காரில், போய் வந்துகொண்டிருக்கிறான்.

நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் குறுக்கிட்டார். "ஒரு அறைதானே சார். கோர்ட்டு கேஸுன்னு போனா இருக்கிற வேலையும் போயிடும். எங்க தாத்தா கிள்ளான் பக்கம் தோட்டத்துல இருந்தவரு. தொர பூட்ஸ் காலால உதைப்பாராம். அவங்கல்லாம் வாங்கிக்கிட்டு மறுநாளு மரம் வெட்டப் போகலையா?"

இல்லை, போகவில்லை! இதை அவருக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் இந்தப் பொய்க் கதைதான் பரம்பரைச் சொத்துபோல் கைமாறி வருகிறது. நம் தாத்தாக்கள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தார்களாம்!

1941ஆம் ஆண்டின் முற்பாதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்ப் பாட்டாளிகள் வேலை நிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும், தமிழ் நேசனில் பணியாற்றிய ஆர்.எச். நாதனும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். அவர்கள் வைத்த கோரிக்கைகள் 12. சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கும் கூலி எங்களுக்கும் வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. நம் பள்ளிப் புத்தகத்தில் இந்த வேலை நிறுத்தம் வந்தால்கூடக் கூலியோடு முடித்துவிடுவார்கள். மீதியைப் படியுங்கள். கொடுமை செய்யும் துரைகளையும் அலுவலர்களையும் நீக்கி, தமிழ் தெரிந்தவர்களை வைக்க வேண்டும். வெள்ளைக்காரர்களும் அவர்களைப்போல் நடந்துகொள்ளும் கறுப்புத் துரைகளும் எங்கள் பெண்களைத் தொல்லை செய்வது நிற்க வேண்டும். துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க மாட்டோம். குறையைச் சொன்னவனைப் பழிவாங்கக் கூடாது. சங்கம் அமைக்க அனுமதி வேண்டும்.

கவனித்தீர்களா? எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று நாம் நினைக்கிற அந்த மனிதர்கள், அடியையும் அவமானத்தையும் கூலியோடு ஒரே தாளில் வைத்தார்கள். சைக்கிளில் உட்கார்ந்தபடியே போகும் உரிமையை எழுதிக் கேட்டார்கள்! உதை வாங்குகிறவனுக்கு என்ன கூலி கொடுத்தாலும் குறைந்த கூலிதான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1941 மே மாதத் தொடக்கத்தில் நாதனைக் கைது செய்தார்கள். பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். வேலை நிறுத்தம் பரவியது. ராணுவம் இறக்கப்பட்டது. பாட்டாளிகள் ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த ஐவருக்குக் கிள்ளானில் ஒரு தெருப்பெயர்கூட நான் பார்த்ததில்லை; அது வேறு கட்டுரை.

எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. தோட்டங்கள் போய்விட்டன. பிராங் பெசார் தோட்டம் இருந்த இடத்தில் இன்று புத்ராஜெயா நிற்கிறது. நாம் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்தோம். துரையும் போய்விட்டார். உண்மையில் துரை போகவில்லை, பல துண்டாகிவிட்டார். அந்த ஸ்ரீ கெம்பாங்கான் வாசலையே பாருங்கள். சம்பளம் கொடுப்பது பாதுகாவலர் ஏஜென்சி. உத்தரவு போடுவது குடியிருப்பு நிர்வாகம். அடிப்பது குடியிருப்பாளரைப் பார்க்க வந்தவன். ஏஜென்சியைக் கேட்டால், "இடம் எங்களுடையதல்ல". நிர்வாகத்தைக் கேட்டால், "ஆள் எங்களுடைய ஆளல்ல". அடித்தவனோ கஸ்டமர். கஸ்டமரைப் பகைத்தால் ஒப்பந்தம் போகும்; ஒப்பந்தம் போனால் வேலை போகும்; ஆகவே ஜாகாவை ரவாங்குக்கு அனுப்பு! தோட்டத்திலாவது நம் தாத்தாவுக்குத் தன்னை உதைத்த கால் யாருடையது என்று தெரிந்திருந்தது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இங்கேதான் எனக்குக் கோபம் அதிகமாக வருகிறது.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வன்முறை என்ற சொல் வருகிறது, 14ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவில். ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொள்ளாத வன்முறையாலோ நோயாலோ தொழிலாளிக்கோ அவரை நம்பியிருப்பவர்களுக்கோ உடனடி ஆபத்து வந்தால், அவர் முன்னறிவிப்பு இல்லாமல் வேலையைவிட்டு விலகலாம் என்கிறது. படித்துப் பாருங்கள், எவ்வளவு பெரிய மனது! உன்னை அடித்தால் நீ ஓடிப்போகலாம். ஒரு மாத நோட்டீஸ் பணம் கட்டத் தேவையில்லை. இந்தச் சட்டம் நமக்குத் தந்த பாதுகாப்பு, ஓடும் உரிமை!

அதே சட்டத்தில் பாலியல் தொல்லைக்கு ஒரு தனிப் பகுதி இருக்கிறது. பெண்கள் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் போராடியதால் 2012இல் வந்தது. ஒரு பெண் தொழிலாளி புகார் கொடுத்தால் முதலாளி விசாரிக்க வேண்டும். விசாரிக்காமல் விட்டால் 50,000 வெள்ளி வரை அபராதம். நல்ல சட்டம். ஆனால் அதே சூப்பர்வைசர் அதே பெண்ணின் கன்னத்தில் அறைந்தால்? புகாரை விசாரித்தே ஆக வேண்டும் என்ற அதுபோன்ற கடமை எதுவும் வேலைச் சட்டத்தில் இல்லை. 2022 திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, வேலையிடத்தில் பாகுபாடு பற்றிய புகாரைத் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரிக்கலாம் என்று 69எஃப் பிரிவைச் சேர்த்தார்கள். பாகுபாடு என்றால் என்ன என்று விளக்கம் மட்டும் எழுதவில்லை. 'கெலிங்' என்று கத்திவிட்டு அறைந்தால் அது பாகுபாடா, அடிதடியா, இல்லை வெறும் கஸ்டமர் சர்வீஸா?

போலீசில் என்ன நடந்தது என்பதையும் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் நாளை உங்களுக்கும் இதுதான் நடக்கும். ஆயுதமில்லாமல் கையால் அடித்துக் காயப்படுத்துவது தண்டனைச் சட்டத்தின் 323ஆம் பிரிவு. ஓராண்டு வரை சிறை, 2,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் இது வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமல்ல. அரசுத் தரப்பு வழக்கறிஞரின் உத்தரவு இல்லாமல் போலீஸ் இதில் விசாரணை அதிகாரங்களைப் பயன்படுத்த முடியாது என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. அதனால்தான், 'மாஜிஸ்திரேட்டிடம் போ'. பாலாயில் இதை யாரும் நமக்கு விளக்குவதில்லை. நம் ஆள் "கேஸ் தள்ளுபடி ஆகிவிட்டது" என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். தள்ளுபடி ஆகவில்லை! 133ஆம் பிரிவின்படி நேரே மாஜிஸ்திரேட்டிடம் புகார் செய்யலாம். அவர் உங்களைச் சத்தியப் பிரமாணத்தோடு விசாரிக்க வேண்டும்.

இன்னொன்று. ஒரு காதின் கேட்கும் சக்தி நிரந்தரமாகப் போனால் அது சட்டப்படி கொடுங்காயம். அப்போது பிரிவு 325. ஏழு ஆண்டு வரை சிறை. போலீஸ் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். நம் நண்பரை நான் செர்டாங் அரசாங்க மருத்துவமனைக்கு அனுப்பினேன். செவிப்பறை கிழிந்திருக்கிறது என்றார்கள். ஏழு வாரமாக அவர் கையிலிருந்த ஒரே தாள், 'கன்னத்தில் வீக்கம்'. அடி வாங்கிய அன்றே அரசாங்க மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். யார் அடித்தார்கள், எதனால், எங்கே என்று டாக்டரிடம் சொல்லி எழுத வையுங்கள். வழுக்கி விழுந்தேன் என்று சொல்லாதீர்கள். வெட்கப்பட வேண்டியது அடித்தவன்.

"ஒரு அறைதானே" என்கிறவர்களுக்கு ஈப்போவை நினைவூட்டுகிறேன். 2020 டிசம்பர் மாதம், அங்கே ஒரு கொண்டோமினியத்தில் நீச்சல் குளம் தொடர்பாக ஏற்பட்ட வாக்குவாதத்தில் 64 வயது தமிழ்ப் பாதுகாவலர் ஒருவர் தாக்கப்பட்டார். விதியைக் கடைப்பிடிக்கச் சொன்னதுதான் அவர் செய்த தவறு. மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்து 2021 ஏப்ரலில் இறந்தார். இறந்த பிறகு கொலைக் குற்றச்சாட்டு வந்தது, நாடே பேசியது. பேசிவிட்டு மறந்தது. எத்தனை பாதுகாவலர் ஏஜென்சிகள் அதன் பிறகு இரவு ஷிஃப்டில் இரண்டாவது ஆளைப் போட்டன? எத்தனை நிர்வாகங்கள், பாதுகாவலரைத் தாக்கினால் போலீஸ் புகார் நாங்களே செய்வோம் என்று வாசலில் எழுதி வைத்தன? நீங்கள் குடியிருக்கும் இடத்தின் வாசலைப் பாருங்கள். நீச்சல் குளத்துக்கு விதிமுறைப் பலகை இருக்கும். நாய்க்குக்கூடப் பலகை இருக்கும்.

முதலாளிமார் சொல்வார்கள்: "வெளியாள் அடித்தால் நாங்கள் என்ன செய்வது?" இந்தப் பதிலைச் சட்டம் ஏற்கக் கூடாது, ஏற்கவும் தேவையில்லை. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு சுகாதாரச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, நடைமுறைக்கு இயன்ற அளவில் தொழிலாளியின் பாதுகாப்பை உறுதிசெய்வது முதலாளியின் கடமை என்கிறது. ஆபத்து இயந்திரத்திலிருந்துதான் வர வேண்டும், மனிதனிடமிருந்து வரக்கூடாது என்று அதில் எங்கும் எழுதவில்லை. 2024 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், அபராதத்தின் உச்சவரம்பை 50,000 வெள்ளியிலிருந்து 5 லட்சம் வெள்ளிக்கு உயர்த்தியது. வேலையிட ஆபத்துகளை முதலாளி முன்கூட்டியே மதிப்பிட வேண்டும் என்கிறது 18பி பிரிவு. வேலையைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அதை எப்படிச் செய்ய வேண்டும் என்று தானே உத்தரவு போடுகிறவருக்கும் கடமை உண்டு என்கிறது 18ஏ. குடியிருப்பு நிர்வாகங்களே, வருகையாளர் புத்தகம் பற்றி உத்தரவு போட்டது நீங்கள்தானே?

ஏன், வேலையிட வன்முறையையும் மன அழுத்தத்தையும் தடுக்க ஜே.கே.கே.பி. இலாகா 2001ஆம் ஆண்டிலேயே ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டது. அது வெறும் வழிகாட்டி. பின்பற்றாவிட்டால் தண்டனை இல்லை. நான் இதுவரை சந்தித்த பாதுகாவலர்களில் ஒருவர்கூட அப்படி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டதில்லை. அவர்களின் மேனேஜர்களும் கேள்விப்பட்டதில்லை.

இந்த இடத்தில் நம்மையும் கொஞ்சம் கண்ணாடியில் பார்ப்போம். கை நீட்டுகிறவன் எப்போதும் வேற்று இனத்தான் அல்ல. தமிழ்நாட்டிலிருந்து வந்து நம்மவர் உணவகங்களில் மாவாட்டும் பையன்களின் கடப்பிதழ் யார் அலமாரியில் இருக்கிறது? அடுத்தவர் கடப்பிதழைச் சட்ட அனுமதியின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 2018 பிப்ரவரியில் புக்கிட் மெர்தாஜாமில் ஓர் இந்தோனேசியப் பணிப்பெண் உடல் முழுவதும் காயங்களோடு இறந்தாரே, அந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட முதலாளி நம் இனத்தவர். வழக்கை அரசுத் தரப்பே நிறுத்தக் கேட்டது. 2019இல் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. 2022 ஜூனில் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அந்தப் பெண்ணின் மரணத்துக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. நம் இயக்கக் கூட்டங்களில் இதைப் பேசினால் சிலருக்கு முகம் சுளிக்கிறது. சுளிக்கட்டும். 1941இல் 'கறுப்புத் துரை' என்று எழுதிய நம் தாத்தாக்களுக்கு அந்தக் கூச்சம் இருக்கவில்லை.

என்ன கேட்கிறோம்? அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 2019 ஜூன் மாதம் ஜெனீவாவில் 190ஆம் எண் உடன்படிக்கையை நிறைவேற்றியது. வேலையிட வன்முறையும் தொல்லையும் ஒரே ஒரு முறை நடந்தாலும் அது வன்முறைதான் என்று அதன் முதல் விதியே சொல்கிறது. வாடிக்கையாளர் போன்ற மூன்றாம் தரப்பினர் செய்வதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. வேலைக்குப் போய்வரும் வழியையும் சேர்த்துக்கொள்கிறது. 2021 ஜூன் 25 அன்று அது நடைமுறைக்கு வந்தது. 2023 முடியும்வரை மலேசியா அதை ஏற்கவில்லை. புத்ராஜெயா அதை ஏற்று, அதற்கேற்ற சட்டத்தைக் கொண்டுவர வேண்டும். பாலியல் தொல்லைக்கு இருப்பதுபோல் அடிதடிப் புகாருக்கும் கட்டாய விசாரணை வேண்டும். வேலை செய்துகொண்டிருக்கும் தொழிலாளியை அடிப்பதைப் போலீஸ் நேரே விசாரிக்கக்கூடிய குற்றமாக்க வேண்டும். இதற்காக ஒரு மகஜர் தயாராகிறது. கையெழுத்துக் கேட்டு உங்கள் வீட்டுக்கு வருவோம்.

அதுவரை சில விஷயங்களை மனத்தில் வையுங்கள். திருப்பி அடிக்காதீர்கள். சினிமாவில் திருப்பி அடித்தால் விசில். இங்கே திருப்பி அடித்தால் லாக்கப்பில் இருப்பது நீங்கள்தான். கேமராப் பதிவு சில நாளில் அழிந்துவிடும். உடனே எழுத்து மூலம் கேளுங்கள், கடிதத்தின் நகலில் முத்திரை வாங்குங்கள். வேலை நேரத்தில், வேலை காரணமாக ஏற்பட்ட காயம் என்றால் சொக்சோ உண்டு. முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நான்கு நாளோ அதற்கு மேலோ எம்.சி. இருந்தால் தற்காலிக முடத்தன்மைக்கான பணம் கேட்கலாம். அதை ஆண்டு விடுமுறையில் கழிக்கச் சம்மதிக்காதீர்கள். புகார் செய்ததற்காகப் பழிவாங்கினால், அந்த 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27ஆம் பிரிவில் அதுவே குற்றம்.

முக்கியமாக, கோபத்தில் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு என்னிடம் வராதீர்கள், முதலில் வாருங்கள். வேலையை விட்டு நீக்கினாலோ, விலகியே தீர வேண்டிய நிலைக்குத் தள்ளினாலோ, 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும். 61ஆம் நாள் வந்தால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது. காசில்லை என்று தயங்காதீர்கள். அந்த மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் இருக்கிறது.

ஸ்ரீ கெம்பாங்கான் நண்பர் போன வாரம் மறுபடி வந்தார். இம்முறை தானாகவே வந்தார். ரவாங்கில் இரவு ஷிஃப்டை முடித்துவிட்டு, தூங்காமல். மாஜிஸ்திரேட்டிடம் கொடுக்க நான் தயாரித்திருந்த புகாரைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு கடைசிவரை கேட்டார். "இன ரீதியில் இழிவாகப் பேசி" என்று நான் எழுதியிருந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"அந்தாளு சொன்ன வார்த்தைய அப்படியே போடுங்க சார்."

போட்டேன். கையெழுத்திட்டார்.